டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது? கிறிஸ்துமஸ் வழக்கங்களின் வயதும் பிறப்பிடமும்

பதிவு 1 | திறந்தவாசல்

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு வயதான என் மகள் சென்ற வாரம் மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்திகளின் முதல் இரண்டு அதிகாரங்களைப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வாசித்தாள். வாசித்து முடித்ததும் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தாள். இடப்பக்கத்தில் நூலில் இருப்பவற்றை எழுதினாள்: பெத்லகேம், துணிகளில் சுற்றிய குழந்தை, தீவனத் தொட்டி, இரவில் கிடை காத்த மேய்ப்பர்கள், விண்மீன், பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். வலப்பக்கத்தில் நாம் விழாவில் காண்பவற்றை எழுதினாள்: டிசம்பர் 25, மரம், மாடு, கழுதை, மூன்று அரசர்கள், சிவப்பு உடை அணிந்த தாத்தா, வாழ்த்து அட்டை, வட்டமாக வைத்த மெழுகுவர்த்திகள். பிறகு என்னிடம், "அப்பா, வலப்பக்கத்தில் உள்ளவை எல்லாம் எங்கிருந்து வந்தன?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

அதே வாரத்தில் உறவினர் ஒருவர் ஒரு நீண்ட செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டிசம்பர் 25 மித்ரா என்னும் தெய்வத்தின் பிறந்தநாள் என்றும், மரம் பாபிலோனின் நிம்ரோதுக்கு உரியது என்றும், முழு விழாவுமே உரோமரிடமிருந்து களவாடப்பட்டது என்றும் அதில் எழுதியிருந்தது. இன்னொரு உறவினர் இவை யாவும் பொய், திருச்சபை முதல் நாளிலிருந்தே இந்நாளைக் கொண்டாடி வருகிறது என்று மறுமொழி எழுதினார். இரண்டு பேரும் ஒரே ஒரு சான்றையும் காட்டவில்லை. மகளிடம் உறுதியாகச் சொல்லத்தக்கவை எவை என்பதை அறிந்தோர் விளக்குமாறு வேண்டுகிறேன்.

பதிவு 2 | பழஞ்சுவடி

வணக்கம் ஐயா. வலப்பக்கப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயதும் தனித்தனி ஊரும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "களவாடியது" என்றோ "தொடக்கத்திலிருந்தே உள்ளது" என்றோ சீட்டு ஒட்டுவதால்தான் இந்த விவாதம் ஆண்டுதோறும் முடிவின்றி நடக்கிறது. நான் தேதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் இருநூறு ஆண்டுகளில் கிறிஸ்தவர்கள் இயேசுவின் பிறப்பை விழாவாகக் கொண்டாடியதற்குச் சான்று இல்லை. அவர்களுடைய பெருவிழா உயிர்த்தெழுதலே. பிறந்தநாள் கொண்டாடுவதையே சிலர் ஐயத்துடன் பார்த்தார்கள். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரிகன் என்னும் கிறிஸ்தவ இறையியலாளர் தம் மறையுரை ஒன்றில், திருநூலில் தம் பிறந்தநாளுக்கு விருந்து வைத்தவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்றவர்களே என்று சுட்டிக்காட்டினார். நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்ட மறைச்சாட்சிகளைப் பொறுத்தவரை, அவர்கள் உயிர் நீத்த நாளே வானகத்தில் பிறந்த நாளாக எண்ணப்பட்டது. பிறந்த தேதியை ஆராய்ந்தவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். ஏறத்தாழ கி.பி. 200இல் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, சிலர் மே 20ஆம் நாளைச் சொல்கிறார்கள் என்றும் வேறு சிலர் ஏப்ரல் மாதத்து நாள்களைச் சொல்கிறார்கள் என்றும் எகிப்திய மாதக் கணக்கில் குறித்துவைத்தார். அவர் தந்த பட்டியலில் டிசம்பர் 25 இல்லை.

அந்த நாள் ஐயத்திற்கு இடமின்றி நம் கண்ணில் படுவது, 354ஆம் ஆண்டின் காலக்குறிப்பு என்று அறியப்படும் உரோமைத் தொகுப்பு ஏட்டில்தான். மூல ஏடு அழிந்துவிட்டது. பிற்காலப் படிகள் வழியாகவே அதன் உள்ளடக்கம் நமக்குக் கிடைக்கிறது. அதில் உரோமையின் மறைச்சாட்சிகள் அடக்கம் செய்யப்பட்ட நாள்களின் பட்டியல் ஒன்று உண்டு. அப்பட்டியல் 336ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதன் முதல் வரியே, ஜனவரி முதல் நாளுக்கு முந்திய எட்டாம் நாளில் யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்பதாகும். உரோமர்கள் இரு முனைகளையும் சேர்த்து எண்ணுவார்கள் என்பதால் அது டிசம்பர் 25 ஆகிறது.

இனி, தங்கள் உறவினர்கள் இருவருமே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே தொகுப்பில் அரசின் பொது நாள்காட்டியும் இருக்கிறது. அதில் அதே நாளுக்கு நேராக, "வெல்லப்படாதவரின் பிறந்தநாள்" என்றும், அன்று முப்பது தேரோட்டங்கள் என்றும் எழுதியிருக்கிறது. இது கதிரவன் வழிபாட்டைக் குறிக்கிறது என்பதே பெரும்பாலானோர் கொள்கை. எனவே அந்நாளுக்கும் கதிரவனுக்கும் தொடர்பே இல்லை என்பது தவறு. ஆனால், பேரரசர் அவுரேலியன் 274ஆம் ஆண்டில் கதிரவன் கோயிலை டிசம்பர் 25 அன்றுதான் திறந்தார் என்று பலரும் எழுதுவதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. அவர் அவ்வாண்டில் கோயில் எழுப்பியது உண்மை. நாள் பிற்கால ஊகம். கிறிஸ்தவக் குறிப்பும் கதிரவன் குறிப்பும் நமக்கு ஒரே ஏட்டிலிருந்து கிடைப்பதால், எது எதற்கு முந்தியது என்பதை அந்த ஏட்டைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

சாத்தர்நாலியா என்னும் உரோமை விழாவையும் அடிக்கடி இழுத்து வருகிறார்கள். அது டிசம்பர் 17இல் தொடங்கி, நீட்டிக்கப்பட்ட காலங்களிலும் 23ஆம் நாளோடு முடிந்துவிட்டது. மெழுகுவர்த்திகளையும் சிறு மண்பொம்மைகளையும் பரிசளிப்பது, எசமானர் அடிமைகளுக்கு உணவு பரிமாறுவது ஆகியவை அவ்விழாவில் இருந்தன. குளிர்காலத்து மகிழ்ச்சியின் சாயல் அதிலிருந்து வந்திருக்கலாம், தேதி வரவில்லை. மித்ராவின் பிறந்தநாள் டிசம்பர் 25 என்று சொல்லும் பண்டைய நூலோ கல்வெட்டோ இல்லை. மித்ரா பாறையிலிருந்து பிறந்ததாகவே சிற்பங்கள் காட்டுகின்றன.

தேதிக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லூயி துஷேன் 1889இல் அதை முன்வைத்தார். மேற்கில் பலர் இயேசு இறந்த நாளை மார்ச் 25 என்று கணக்கிட்டிருந்தார்கள். பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அவ்வாறு எழுதியிருக்கிறார். இயேசு கருவான நாளும் அதுவே என்று எண்ணினார்கள். அங்கிருந்து ஒன்பது மாதங்களைக் கூட்டினால் டிசம்பர் 25 வரும். ஆயர் அகுஸ்தீன் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே எழுதுகிறார். கிழக்கில் ஏப்ரல் 6ஐ அடிப்படையாகக் கொண்டு ஒன்பது மாதங்களைக் கூட்டினால் ஜனவரி 6 வருகிறது. கிழக்கத்தியர் நெடுங்காலம் கொண்டாடியதும் அந்நாளையே. இரண்டு நாள்களுக்கும் ஒரே முறையில் விடை தருவதால் இந்த விளக்கத்தின் பக்கமே நான் சாய்கிறேன்.

பதிவு 3 | மெழுகுவர்த்தி

பழஞ்சுவடி ஐயாவின் பதிவுக்கு நன்றி. மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் என்ற முறையில், ஓரிடத்தில் மட்டும் அவருடன் மாறுபடுகிறேன். கணக்கின் மூலம் நாள் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், அந்நாள் நிலைபெற்றதற்குக் கதிரவன் காரணமாக இல்லை என்று சொல்ல முடியாது. உரோமையரின் மரபுக் கணக்கில் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 25. அன்றிலிருந்து ஒளி வளர்கிறது. மலாக்கியின் நூலில் வரும் "நீதியின் சூரியன்" என்ற சொல்லை கிறிஸ்துவுக்குப் பொருத்திப் படித்த மக்களுக்கு, இதைவிடப் பொருத்தமான நாள் வேறு எது? திருமுழுக்கு யோவான் ஆறு மாதம் மூத்தவர் என்று லூக்கா சொல்வதால் அவருடைய பிறப்பு விழா ஜூன் 24 ஆயிற்று. அதன் பிறகு பகல் குறையத் தொடங்குகிறது. "அவர் வளர வேண்டும், நான் சிறுக வேண்டும்" என்ற யோவானின் சொற்களை அகுஸ்தீன் இந்தப் பகல் நீளத்தோடு இணைத்தே விளக்கினார்.

மக்கள் எப்போதும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருக்கவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் திருத்தந்தை முதலாம் லியோ, கிறிஸ்து பிறப்பு மறையுரை ஒன்றில் வருத்தத்தோடு ஒரு காட்சியைச் சொல்கிறார். பேதுரு பேராலயத்தின் படிகளில் ஏறி வரும் கிறிஸ்தவர்கள் சிலர், உள்ளே நுழையும் முன் நின்று, எழும் கதிரவனை நோக்கித் திரும்பித் தலை வணங்குகிறார்கள் என்பது அவருடைய முறையீடு. வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இந்தக் காட்சியை எப்போதும் சொல்வேன். அந்தப் படிகளில் நின்றவர்கள் களவாணிகளும் அல்லர், கொள்கை மறுத்தவர்களும் அல்லர். பழைய பழக்கம் உடலில் தங்கியிருந்த சாதாரண மனிதர்கள்.

மாடு, கழுதை பற்றி மகள் கேட்டிருக்கிறாள். நற்செய்திகளில் இவை இரண்டும் இல்லை. "மாடு தன் எசமானையும் கழுதை தன் எசமானின் தீவனத் தொட்டியையும் அறியும்" என்ற கருத்தில் எசாயா நூலின் முதல் அதிகாரத்தில் வரும் வரியிலிருந்தே இவை பிறப்புக் காட்சிக்குள் வந்தன. மூன்று அரசர்களும் அவ்வாறே. மத்தேயு அவர்களை ஞானிகள் என்கிறார், எண்ணிக்கை தரவில்லை. பரிசு மூன்று என்பதால் ஆளும் மூவர் ஆயினர். சிரியக் கிறிஸ்தவ மரபில் பன்னிருவர் என்றும் சொல்வதுண்டு. அரசர்கள் பரிசு கொண்டுவருவார்கள் என்ற திருப்பாடல் வரிகளால் அவர்களுக்கு முடி சூட்டப்பட்டது.

குடிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. 1223ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரெச்சோ என்னும் மலையூர். விழாவுக்கு ஏறக்குறைய பதினைந்து நாள் முன்பாக, அசிசி பிரான்சிஸ் அவ்வூரில் தமக்கு அறிமுகமான ஒருவரை அழைத்து, பெத்லகேமில் குழந்தை பட்ட துன்பத்தைத் தம் கண்ணால் காண விரும்புவதாகச் சொல்லி, ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை ஆகியவற்றை ஏற்பாடு செய்யச் சொன்னார். அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா, அந்த இரவில் ஊரார் தீப்பந்தங்களோடு வந்ததையும், தொட்டியின் மேல் திருப்பலி நடந்ததையும், திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடியதையும் விவரிக்கிறார். அங்கே மரியா சிலையும் இல்லை, சூசை சிலையும் இல்லை, குழந்தைப் பொம்மையும் இல்லை. வெறும் தொட்டியும் வைக்கோலும் இரண்டு விலங்குகளும்தான். அங்கிருந்த ஒருவர் அந்தத் தொட்டியில் குழந்தை உறங்குவதாகக் கண்டார் என்று தோமா எழுதுகிறார். நிறைந்த குடிலைக் காட்டிலும் அந்த வெறுந்தொட்டியே என்னை அதிகம் உலுக்குகிறது.

பதிவு 4 | நாட்காட்டி

தேதியைப் பற்றிய பேச்சில் ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே நாளில் கொண்டாடுவதில்லை என்பதை மகளுக்குச் சொல்லுங்கள்.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் டிசம்பர் 25 கிழக்கே பரவியது. 386ஆம் ஆண்டு அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிய யோவான் கிறிசோஸ்தோம், இந்த நாள் நமக்குத் தெரியவந்து இன்னும் பத்து ஆண்டுகள் ஆகவில்லை என்று மக்களிடமே ஒப்புக்கொள்கிறார். முதல் நாளிலிருந்தே எங்கும் கொண்டாடினார்கள் என்று சொல்லும் உறவினருக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். கிழக்குத் திருச்சபைகள் அதன் பிறகு பிறப்புக்கு டிசம்பர் 25ஐயும், திருமுழுக்குக்கு ஜனவரி 6ஐயும் வைத்துக்கொண்டன. அர்மீனிய அப்போஸ்தலிக்கத் திருச்சபை மட்டும் இன்றுவரை பிறப்பையும் திருமுழுக்கையும் ஒருசேர ஜனவரி 6இலேயே கொண்டாடுகிறது.

ஜனவரி 7 என்பது வேறு கதை. உருசிய, செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் டிசம்பர் 25ஐத்தான் கொண்டாடுகின்றன. ஆனால் ஜூலியன் நாள்காட்டியின்படி. அது இப்போது கிரகோரியன் நாள்காட்டிக்குப் பதின்மூன்று நாள் பின்தங்கியிருக்கிறது. நூறால் வகுபடும் ஆண்டுகளில் நானூறால் வகுபடுபவை மட்டுமே கிரகோரியன் முறையில் நெட்டாண்டு. ஜூலியன் முறையில் எல்லாமே நெட்டாண்டு. ஆகவே 2100க்குப் பிறகு வேறுபாடு பதினான்கு நாள் ஆகிவிடும். 2101ஆம் ஆண்டு முதல் அவர்களுடைய விழா ஜனவரி 8இல் வரும். அர்மீனியரிலும் எருசலேமில் வாழ்வோர் ஜூலியன் கணக்கைக் கைவிடாததால் ஜனவரி 19இல் கொண்டாடுகிறார்கள். உக்ரைன் 2023இல் அரசு விடுமுறையை டிசம்பர் 25க்கு மாற்றியது.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு பிழை உண்டு. கி.பி. என்னும் எண்ணிக்கையை ஆறாம் நூற்றாண்டில் தியோனிசியு எக்சிகுவு என்ற துறவி வகுத்தார். ஏரோது மன்னர் கி.மு. 4இல் இறந்தார் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. மத்தேயு சொல்வதுபோல் ஏரோதின் ஆட்சியில் இயேசு பிறந்தார் என்றால், கி.மு. 4இலோ அதற்கு முன்னரோ பிறந்திருக்க வேண்டும்.

பதிவு 5 | எளியவழி

அனைவரையும் மதித்து, மாறான ஒரு கருத்தை வைக்கிறேன். என் குடும்பம் கிறிஸ்துவை விசுவாசிக்கும் குடும்பம். ஆனால் நாங்கள் இந்த நாளைக் கொண்டாடுவதில்லை. தன் மரணத்தை நினைவுகூருமாறு ஆண்டவர் சொன்னார். தன் பிறப்பை நினைவுகூருமாறு எங்கும் சொல்லவில்லை. அவர் கட்டளையிடாத ஒன்றை, அவர் பெயரால், கட்டாயமான புனித நாளாக்குவது சரியா என்பதே எங்கள் கேள்வி.

இது நேற்று முளைத்த கருத்தும் அன்று. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பியூரித்தானியர்கள், அதாவது திருச்சபையில் கடுமையான சீர்திருத்தம் நாடிய புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள், இதே கேள்வியைக் கேட்டார்கள். 1647 ஜூனில் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் உள்ளிட்ட விழாக்களை நீக்கி ஆணையிட்டது. கடலுக்கு அப்பால் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், வேலையை நிறுத்தியோ விருந்துண்டோ அந்நாளைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் என்று 1659இல் சட்டம் வந்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் நாள் பொது விடுமுறையானதே 1958இல்தான். இவர்கள் யாரும் கிறிஸ்துவின் எதிரிகள் அல்லர். கூத்தும் குடியும் சூதாட்டமும் நிறைந்திருந்த அக்கால விழாவைக் கண்டு மனம் நொந்தவர்கள்.

ஆயினும், திறந்தவாசல் ஐயாவுக்கு வந்த செய்தியில் உள்ள நிம்ரோது கதையை நான் ஆதரிக்கவில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் போதகர் ஒருவர் பண்டைய சான்று இல்லாமல் கோத்துத் தந்தது. எரேமியா 10ஆம் அதிகாரத்தில் காட்டு மரத்தை வெட்டிப் பொன்னாலும் வெள்ளியாலும் அலங்கரிப்பது பற்றி வருவதும் மரச் சிலை செதுக்குவதைக் குறித்ததே; அடுத்த வசனங்களைப் படித்தால் தெளிவாகும். எங்கள் தரப்பினர் பொய்ச் சான்றுகளைக் கைவிட வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் வாதத்துக்கு அவை தேவையும் இல்லை.

பதிவு 6 | மெழுகுவர்த்தி

எளியவழி ஐயா, தங்கள் பக்கத்துச் சான்றையே தாங்கள் சீர்தூக்கிப் பார்த்தது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. நாளைக் கைக்கொள்ளுகிறவனும் கைக்கொள்ளாதவனும் ஆண்டவருக்கென்றே அவ்வாறு செய்யட்டும் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 14ஆம் அதிகாரம் சொல்வதால், தங்கள் மனச்சான்றை நான் எதிர்க்கப்போவதில்லை. என் மறுப்பு 1647 ஆணையைப் பற்றியதுதான்.

கொண்டாடாமல் இருப்பது வேறு, கொண்டாடுவோரை அரசு கொண்டு தடுப்பது வேறு. அவ்வாண்டு டிசம்பரில் கான்டர்பரியில் நகரத் தலைவர் கடைகளைத் திறந்து வைக்க ஆணையிட்டபோது மக்கள் கலகம் செய்தார்கள். திறந்த கடைகளின் சரக்குகளைத் தெருவில் வீசினார்கள். கதவுகளில் பச்சைக் கிளைகளைத் தொங்கவிட்டார்கள். 1660இல் மன்னராட்சி திரும்பியவுடன் விழாவும் திரும்பியது. மாசசூசெட்ஸ் சட்டமும் 1681இல் நீக்கப்பட்டது. அந்தக் குடியும் கூத்தும் உண்மையிலேயே இருந்தன என்பதை ஏற்கிறேன். அவை தணிந்தது சட்டத்தால் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விழா தெருவிலிருந்து வீட்டுக்குள், பிள்ளைகளைச் சுற்றி நகர்ந்தபோதே அவை தணிந்தன. மரமும் பரிசும் பரவியது அந்த நகர்வோடுதான்.

பதிவு 7 | பழஞ்சுவடி

அப்படியானால் மரத்தை எடுத்துக்கொள்வோம். பழங்கால வடபுல மக்கள் மரத்தை வணங்கினார்கள், எனவே கிறிஸ்துமஸ் மரமும் அதுவே என்று சொல்வோர், இடையில் கிடக்கும் பல நூற்றாண்டு மௌனத்துக்கு விடை சொல்வதில்லை. ஏடுகள் நம்மை அழைத்துச் செல்லும் இடம் ரைன் ஆற்றங்கரையிலுள்ள அல்சாசு. அங்குள்ள செலெஸ்தா நகரத்தின் 1521ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், புனித தோமா நாளாகிய டிசம்பர் 21 முதல் காட்டில் மரங்கள் வெட்டப்படாதபடி காவல் காத்த வனக்காவலர்களுக்கு நான்கு ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. 1605இல் ஸ்திராஸ்பூர்கைப் பற்றிப் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய குறிப்பில், மக்கள் வீட்டுக் கூடங்களில் ஊசியிலை மரத்தை நிறுத்தி, பல நிறத் தாள் ரோசாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், பொற்தகடு, இனிப்பு ஆகியவற்றைத் தொங்கவிடுகிறார்கள் என்று வருகிறது.

அந்த ஆப்பிளையும் அப்பத்தையும் சற்று நின்று பாருங்கள். டிசம்பர் 24 அக்கால நாள்காட்டியில் ஆதாம் ஏவாள் நாள். அன்று நடிக்கப்பட்ட ஏதேன் நாடகங்களில் மேடைக்கு ஒரு பச்சை மரம் தேவைப்பட்டது. குளிர்காலத்திலும் பச்சையாக இருப்பது ஊசியிலை மரம். அதில் ஆப்பிள்களைக் கட்டினார்கள். வீழ்ச்சியின் கனியும் நற்கருணை அப்பமும் ஒரே கிளையில் தொங்குவதைப் பார்க்கும்போது, இந்த மரத்தின் வேர் நாடக மேடையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1640களில் ஸ்திராஸ்பூர்க் போதகர் தான்ஹவர் இம்மரத்தைக் குழந்தை விளையாட்டு என்று கடிந்துகொண்டபோது, இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தமக்குத் தெரியாது என்றும் எழுதினார். மரம் இருந்த ஊரிலேயே, அது புதிதாக இருந்த காலத்திலேயே, அதன் தோற்றம் மறந்துபோயிருக்கிறது! மார்ட்டின் லூதர் விண்மீன்களைக் கண்டு முதல் மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்ற அழகிய கதைக்கு அவர் காலத்துச் சான்று இல்லை.

செருமானியக் குடும்பங்களின் வழக்கமாக இருந்த மரம், 1848இல் விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் பிள்ளைகளோடு அதைச் சுற்றி நிற்கும் படம் இலண்டன் இதழில் வெளிவந்த பிறகு இங்கிலாந்தெங்கும் பரவியது. 1850இல் அமெரிக்க இதழ் ஒன்று அதே படத்தை வெளியிட்டது. அரசியின் முடியணியையும் இளவரசரின் மீசையையும் அழித்துவிட்டு, அமெரிக்கக் குடும்பமாக மாற்றி வெளியிட்டது. மரத்தில் மின்விளக்கு முதன்முதலாக எரிந்தது 1882இல் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சனின் வீட்டில். மொத்தம் 80 விளக்குகள்.

தாத்தாவைப் பற்றி ஓரிரு வரிகள். இன்றைய துருக்கியில் உள்ள மீராவில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்த நிக்கோலா, சீதனம் இல்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் யாருக்கும் தெரியாமல் பொன்முடிச்சுகளை எறிந்தார் என்பது மரபுக்கதை. அவருடைய நாள் டிசம்பர் 6. டச்சுக்காரர் அவரைச் சிந்தர்கிளாசு என்றார்கள். அமெரிக்காவில் அப்பெயர் சாந்தா கிளாசு ஆனது. எட்டுக் கலைமான்கள் 1823இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கவிதையிலிருந்தும், உருண்டை உடல் ஓவியர் தாமசு நாஸ்து 1863 முதல் வரைந்த படங்களிலிருந்தும் வந்தன. சிவப்பு உடையைக் கோக்கோ கோலா நிறுவனம் கண்டுபிடித்தது என்பது பிழை. அந்நிறுவனத்தின் விளம்பரங்கள் 1931இல் தொடங்குமுன்பே சிவப்பு உடைப் படங்கள் இருந்தன. வாழ்த்து அட்டை 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் அச்சிட்டதில் தொடங்குகிறது.

பதிவு 8 | வேர்ச்சொல்

சொற்களைப் பற்றி மட்டும் சிறிது. கிறிஸ்துமஸ் என்பது கிறிஸ்துவின் திருப்பலி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். இலங்கைத் தமிழில் வழங்கும் நத்தார், பிறப்பைக் குறிக்கும் நத்தால் என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் கிறிஸ்து என்பதற்குப் பதிலாக X என்ற எழுத்தை இட்டு Xmas என்று எழுதுவது கிறிஸ்துவை நீக்கும் முயற்சி என்று சிலர் வருந்துகிறார்கள். அது கிரேக்கத்தில் அப்பெயரின் முதலெழுத்து. படியெடுத்த துறவிகளே அவ்வாறு சுருக்கி எழுதினார்கள்.

லூக்கா 2:7இல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "முன்னணை" என்கிறது. புதிய பொது மொழிபெயர்ப்பு "தீவனத் தொட்டி" என்கிறது. இரண்டும் கால்நடை உண்ணும் இடத்தையே குறிக்கின்றன. தொழுவம் என்ற சொல் அங்கே இல்லை. "சத்திரத்தில் இடமில்லை" என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. லூக்கா அங்கே எழுதிய கிரேக்கச் சொல் கத்தாலுமா. இறுதி இராவுணவு நடந்த அறைக்கும் அவர் அதே சொல்லை எழுதுகிறார். நல்ல சமாரியன் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரத்துக்கோ வேறு சொல்லை எழுதுகிறார். ஆகவே அது விருந்தினர் அறையாக இருக்கலாம் என்றும், அங்கே இடமில்லாததால் கால்நடையும் தங்கும் வீட்டுப் பகுதியில் குழந்தையைக் கிடத்தினார்கள் என்றும் பல ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அப்படியானால் கதவைச் சாத்திய கொடிய சத்திரக்காரனைக் கதையில் தேட வேண்டியதில்லை.

பதிவு 9 | திறந்தவாசல்

எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதிவுகளை மகளோடு இருந்து வாசித்தேன். அவள் தன் தாளின் வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் ஆண்டையும் ஊரையும் எழுதிவிட்டாள்: 336 உரோமை, 1223 கிரெச்சோ, 1521 செலெஸ்தா என்று. மாடு கழுதைக்கு நேராக "எசாயா" என்று எழுதி, அவற்றை இடப்பக்கத்துக்கு மாற்றலாமா என்று கேட்டாள். மாற்ற வேண்டாம், நடுக்கோட்டின் மேலேயே எழுது என்றேன். எளியவழி ஐயாவின் பதிவை அவள் இரண்டு முறை வாசித்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பட்டியலில் வெறுமையாக இருப்பது வட்டமாக வைத்த மெழுகுவர்த்திகள் மட்டுமே. எங்கள் வீட்டில் நான்கு ஏற்றுவது வழக்கம். ஏன் நான்கு என்று கேட்கிறாள்.

பதிவு 10 | மெழுகுவர்த்தி

இதை விட்டுவிட்டேனே! அது திருவருகைக் கால வளையம். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலமே திருவருகைக் காலம். தொடக்கத்தில் நான்கு அல்ல ஐயா, இருபத்து நான்கு. ஹாம்பர்க் நகரில் வறிய பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய லூத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிக் விக்கர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதால், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதன்மேல் இருபது சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் நிறுத்தினார். கிழமை நாள்களில் ஒரு சிவப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வெள்ளை என்று நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். பிள்ளைகள் எரியாத மெழுகுவர்த்திகளை எண்ணியே இன்னும் எத்தனை நாள் என்று தெரிந்துகொண்டார்கள். பிற்காலத்தில் வீடுகளுக்குச் சென்றபோது சிவப்புகள் உதிர்ந்து, ஞாயிறுக்கான நான்கு மட்டும் தங்கின.

பதிவு 11 | திறந்தவாசல்

சக்கரம் கிடைக்கவில்லை, ஒரு பெரிய தட்டில் முழு எண்ணிக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். எல்லா ஆண்டுக்கும் இருபது சிவப்பு போதுமா?

பதிவு 12 | நாட்காட்டி

போதாது. 1839இல் டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமையாக வந்தது; அதனால்தான் 24ஆம் நாள் வரை சரியாக இருபது கிழமை நாள்களும் நான்கு ஞாயிறுகளும் அமைந்தன. ஞாயிறு எப்போதும் நான்குதான். கிழமை நாள்கள் மாறும். டிசம்பர் 24 ஞாயிறாக வந்தால் திருவருகைக் காலம் டிசம்பர் 3இல் தொடங்கும், 18 சிவப்பு போதும். 2023 அப்படிப்பட்ட ஆண்டு. கிறிஸ்துமஸே ஞாயிறாக வந்தால் நவம்பர் 27இல் தொடங்கும், 24 சிவப்பு வேண்டும். 2022 அப்படி அமைந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றையும் சேர்த்துப் பின்னோக்கி நான்கு ஞாயிறுகளை எண்ணி, தொடக்க நாளை மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 24 சிவப்பு வாங்கி வைத்துக்கொண்டால் எந்த ஆண்டிலும் குறையாது.